அவருடைய ஆட்கள் சாவதில்லை

அவருடைய ஆள் எவனும் செத்ததில்லை. அவர் அப்படித்தான் சொல்வார். குண்டு பட்டவன், மலேரியாவில் கிடந்து போனவன், ஆற்றைக் கடக்கும்போது இழுத்துக்கொண்டு போகப்பட்டவன், எல்லோரும் ‘வேலையில் இருக்கிறார்கள்’. அந்த இரண்டு சொற்களை அவர் சொல்லி நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். முதலில் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கடைசியில் கேட்டபோது கை நீட்டி அடிக்கலாமா என்று தோன்றியது.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. அது பள்ளிவாசல் சுவரில் சலவைக்கல்லில் இருக்கிறது, அது போதும். ரங்கூன் துறைமுகத்தை ஒட்டிய அலோனில் எல்லோரும் அவரைச் சயா என்றார்கள். பர்மாவில் வாத்தியாரும் சயாதான், வைத்தியரும் சயாதான், ஆள் வைத்து வேலை வாங்குகிறவரும் சயாதான். இவர் கப்பலில் சுமை தூக்குகிற வின்ச் ஓட்டினார். நானும் என் கூட்டாளி ஹனீபாவும் கீழே ஜெட்டியில் மூட்டைகளைக் கயிற்று வலையில் அடுக்குகிற கூட்டத்தில் இருந்தோம். நான் நாலாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டவன். ஹனீபா அதுகூட இல்லை. ஆனால் நன்றாகப் பாடுவான்.

ஒருநாள் வலை அறுந்து அரிசி மூட்டைகள் அப்பாராவ் என்கிற தெலுங்குக்காரர் மேல் விழுந்தன. மூட்டைகளை விலக்கியபோது மூச்சு இல்லை. அதிகாரி வந்து பார்த்துவிட்டு, கைவண்டியில் எடுத்துப் போங்கள், கடல் ஏற்றம் வடிந்து ஆற்றில் நீர் வற்றுவதற்குள் கப்பல் கிளம்ப வேண்டும் என்றார். சயா வின்ச்சை விட்டு இறங்கி வந்தார். கழுத்தில் இருந்த துண்டை எடுத்து அப்பாராவின் முகத்தில் போட்டார். பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இவன் இன்னும் வேலையில இருக்கான். ஷிப்டு முடியல. முடியட்டும், கூட்டிட்டுப் போறோம்.”

வேலைநிறுத்தம் என்று சொன்னால் அந்தக் காலத்தில் ஜெயில். அவர் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. எங்கள் ஆள் ஒருவன் வேலையில் இருக்கிறான், அவன் எழுந்திருக்கும்வரை நாங்களும் இருக்கிறோம் என்று எல்லோரும் அப்பாராவைச் சுற்றி வெயிலில் உட்கார்ந்தோம். அதிகாரி கத்தினார், பிறகு கெஞ்சினார். ஆறு வற்றியது. கப்பல் அங்கேயே நின்றது. அதற்குப் பிறகு ஆட்கள் தலைக்கு மேல் சுமை போகக் கூடாது என்று உத்தரவு வந்தது. அதுவரை எத்தனையோ மனு கொடுத்தும் வராத உத்தரவு. அன்றைக்கு அவர் என்ன சொல்லியிருந்தாலும் நான் செய்திருப்பேன்.

அந்தத் துண்டு கட்டம் போட்டது. அரபிக் கப்பல் ஒன்றில் வந்த சமையல்காரனிடம் ஒரு கட்டுச் சுருட்டுக் கொடுத்து வாங்கினாராம். பாலஸ்தீனத்தில் ஒரு தலைவர் அப்படித்தான் கட்டுவார் என்பார். எல்லோருக்கும் தெரிந்த பெரிய தலைவர் இல்லை, அவருக்கு அடுத்த வரிசையில் இருந்த ஒருவர். சயா ரேடியோவில் கேட்டும், மாலுமிகள் விட்டுப்போன பத்திரிகைகளை எழுத்துக் கூட்டிப் படித்தும் அந்த மனிதரின் வாழ்க்கையை மனப்பாடமாக வைத்திருந்தார். டீக்கடையில் உட்கார்ந்தால் அதுதான். இன்றைக்கு அவர் ஜெயிலில் இருந்த கதை, நாளைக்கு அகதிக் கூடாரத்தில் பிறந்த கதை, அதற்கடுத்த நாள் வாத்தியார் வேலையை விட்டுத் துப்பாக்கி எடுத்த கதை. ஒரு நாட்டிலிருந்து துரத்தினார்கள், அடுத்த நாட்டுக்குப் போனார், அங்கேயும் துரத்தினார்கள். எங்களுக்கு அது நன்றாகப் புரிந்தது. எங்கள் அப்பன் பாட்டன்களும் துரத்தப்பட்டவர்கள்தான், ஜப்பான்காரன் குண்டு போட்டபோது நடந்தே இந்தியாவுக்குக் கிளம்பிப் பாதி வழியில் செத்தவர்கள்தான்.

அந்தத் தலைவரின் முகாமில் காலையில் பெயர் கூப்பிடுவார்களாம். செத்தவனுடைய பெயரையும் கூப்பிடுவார்களாம். மொத்த வரிசையும் ‘இருக்கிறார்’ என்று சொல்லுமாம். இது நிஜமா, இவர் சேர்த்துக்கொண்டதா, எனக்குத் தெரியாது. ஹனீபா அதைக் கேட்கும்போது டீயைக் குடிக்காமல் வைத்திருப்பான்.

எண்பத்தெட்டில் மாணவர்கள் ஜெட்டிக்கு வந்தபோது சயாதான் முதலில் வின்ச்சை நிறுத்தினார். ஊர்வலத்தில் முன்னால் போனார். சுட்டபோதும் ஓடவில்லை, அதை நான் பார்த்தேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். ராணுவம் ஆட்சியை எடுத்துக்கொண்ட பிறகு, தாய்லாந்து எல்லைக்குப் போய்ப் போராடுவோம் என்றார். எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் கிளம்பினார்கள். நான் போகவில்லை. வீரமா கோழைத்தனமா என்றெல்லாம் யோசிக்கவில்லை, எனக்கு அன்றைக்குக் கடுமையான காய்ச்சல்.

ஹனீபாவுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆமினா வாசலில் நின்று கேட்டாள், எப்போது வருவார் என்று. அவள் புருஷனைக் கேட்கவில்லை, சயாவைக் கேட்டாள்.

“நான் கூட்டிட்டுப் போறேன். நானே கூட்டிட்டு வருவேன்” என்றார்.

பிறகு நான் ஊர் ஊராகச் சுற்றினேன். மண்டலே ரயில்வேயில் கொஞ்ச நாள், மோகோக்கில் மாணிக்கக் கல்லுக்கு மண் சலித்துக் கொஞ்ச நாள். அப்புறம் எல்லையில் மியாவடி ஊரில் ஆற்றைக் கடந்து முதுகில் சரக்குக் கடத்துகிற வேலை. தாய்லாந்துப் பக்கமிருந்து பிளாஸ்க், துணி, பேட்டரி. மழையில் காலெல்லாம் அட்டை. ஒருமுறை காட்டுக்குள் ஒரு முகாமுக்குப் பேட்டரி சுமந்து போனேன். போய்ப் பார்த்தால் சயா. தாடி வைத்திருந்தார், மெலிந்திருந்தார், அதே கட்டம் போட்ட துண்டு. கட்டிப்பிடித்துக்கொண்டார். இருந்த சோற்றில் எனக்குப் பாதி கொடுத்தார்.

காலையில் பெயர் கூப்பிட்டார். கையில் தாள் கிடையாது, எல்லாம் நினைவில்தான். ஹனீபா பெயர் வந்தபோது நான் வரிசையை எட்டிப் பார்த்தேன். எனக்குத் தெரியாத ஒருவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பர்மியத்தில் சொன்னான், வேலையில் இருக்கிறார் என்று.

கூட்டம் கலைந்த பிறகு சயாவிடம் போனேன்.

“ஹனீபா எங்க சயா?”

“வேலையில இருக்கான்.”

“எந்தப் பக்கம்?”

“முன்னால.”

அவர் கை காட்டிய பக்கம் மூங்கில் காடுதான் இருந்தது.

சமையல் செய்கிறவனைத் தனியாகக் கேட்டேன். மலேரியா, போன மழைக்கே என்றான். இன்னொருவன் கண்ணிவெடி என்றான். வேறொருவன், அதெல்லாம் இல்லை, தாய்லாந்தில் மீன்பிடிப் படகில் இருக்கிறான் என்றான். எதையும் நான் கண்ணால் பார்க்கவில்லை. இந்தப் பார்க்காததுதான் பிறகு எல்லாவற்றுக்கும் குறுக்கே நின்றது.

அந்த முகாமில் இருந்த நாட்களில்தான் எனக்கு முதன்முதலாக அவர் மேல் கோபம் வந்தது. ‘வேலையில் இருக்கிறார்’ என்று பதில் சொல்கிற புதியவர்களுக்கு ஹனீபா யாரென்றே தெரியாது. இத்தனை பேர் முன்னால் இருக்கிறார்கள், நாமும் போனால் போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்று நினைத்தார்கள். அங்கே யாரும் இல்லை. அப்பாராவின் பிணத்தை வைத்து உயிரோடு இருந்தவர்களைக் காப்பாற்றிய அதே வாய், இப்போது செத்தவர்களைக் காட்டி உயிரோடு இருந்தவர்களை அனுப்பிக்கொண்டிருந்தது. சொல் அதேதான். எதற்காகச் சொல்கிறார் என்பதுதான் மாறிவிட்டது. அவருக்கு அது தெரிந்ததா என்று நான் பல வருஷம் யோசித்தேன். தெரிந்துதான் இருந்தது.

அப்புறம் அவர் பெரிய இயக்கத்தோடு சண்டை போட்டுப் பிரிந்தார். தனிக் கட்சி வைத்தார். அந்தக் கட்சியும் உடைந்தது. ஒருநாள் ரங்கூனில் டீக்கடைத் தொலைக்காட்சியில் அவரைக் காட்டினார்கள். வெள்ளைத் துணி விரித்த மேஜையில் துப்பாக்கியை வைத்துவிட்டு ஓர் அதிகாரியோடு கை குலுக்கினார். கழுத்தில் துண்டு இருந்தது. கடையில் இருந்தவர்கள் குனிந்து டீயை ஆற்றினார்கள். அந்தக் காலத்தில் டீக்கடையில் யார் எதற்குக் காது கொடுக்கிறார்கள் என்று தெரியாது.

திரும்பி வந்தவருக்கு ராணுவத்தின் தயவில், லைங் தாயாவில் துணி தைக்கிற தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகிற பஸ்கள் கிடைத்தன. அலோனில் எங்கள் தமிழ்ப் பள்ளிவாசலுக்கு மினாரா கட்டிக் கொடுத்தார், ஜமாஅத் தலைவர் ஆனார். நான் ஜெட்டியில் மறுபடி மூட்டை தூக்க வந்திருந்தேன். ஒருநாள் வழியில் நிறுத்தி, என்னடா அப்படிப் பார்க்கிறாய் என்று கேட்டார். பாலஸ்தீனத் தலைவரும் பேச்சுவார்த்தைக்குப் போனார், கை குலுக்கினார், அதுவும் போராட்டம்தான் என்றார். நான் கை குலுக்கியதைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. என் கேள்வி வேறு. கூட்டிக்கொண்டு போனவர்களில் யாரைக் கூட்டி வந்தார் என்பது.

ஆமினா தாகேதாவில் ஹனீபாவின் அண்ணன் வீட்டில் இருந்தாள். லைங் தாயாவில் சட்டைக்குக் காலர் தைத்தாள். நகரத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குத் தினமும் போய் வர வேண்டும். பாதி வழிக்கு மேல் சயாவின் பஸ்ஸில்தான், கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே. இறங்குகிற இடத்திலிருந்து வீட்டுக்கு ஏற்றிப் போகிற சைக்காக்காரர் யூசுப், மனைவியை இழந்தவர். சைக்கா என்றால் பக்கத்தில் இருக்கை வைத்த மிதிவண்டி, பேசாமல் போக முடியாது. பேசினார்கள். முறையாக ஆள் அனுப்பிக் கேட்டார். ஹனீபாவின் அண்ணனுக்கும் சம்மதம்தான், அவருக்கே வீட்டில் ஆறு பேர்.

ஆனால் ஆமினா விதவை இல்லை. புருஷன் செத்தான் என்று யாராவது சாட்சி சொல்ல வேண்டும், அல்லது ஜமாஅத் கூடி அவன் காணாமல் போனவன் என்று தீர்த்து நிக்காஹை முறிக்க வேண்டும். நான் இந்து, அவர்கள் சட்டம் எனக்குத் தெரியாது, பள்ளிவாசல் இமாம் ஹஜரத் எனக்குப் பொறுமையாகச் சொன்னது இது. ஜமாஅத் கூடியது. தலைவர் நாற்காலியில் சயா. எனக்குத் தெரிந்து ஹனீபா வேலையில் இருக்கிறான், உயிரோடு இருப்பவன் பொண்டாட்டியை எப்படிப் பிரிப்பது என்றார். மினாரா கட்டியவரிடம் யார் எதிர்த்துப் பேசுவார்கள்.

ஹஜரத் மட்டும் பேசினார். வயதானவர், குரல் கம்மியிருக்கும்.

“ஷஹீதா போனவங்க அல்லாகிட்ட உயிரோட இருக்காங்க சயா. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா பூமியில அவங்க பொண்டாட்டி இத்தா இருந்துதான் ஆகணும்.”

ஷஹீத் என்றால் தியாகி, இத்தா என்றால் புருஷன் செத்தபின் பெண் வீட்டுக்குள் இருக்கிற துக்க காலம்.

“நான் பொய்ச் சாட்சி சொல்ல மாட்டேன் ஹஜரத்” என்றார் சயா.

ஆமினா அவர் வீட்டுக்கே போய்க் கேட்டாள். பலமுறை போனாள். ஒருமுறை அவள் திரும்புவதற்குள் அரிசியும் எண்ணெயும் வேனில் தாகேதாவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. அதே வேனில் திருப்பி அனுப்பினாள். அதற்கப்புறம்தான் நான் அவருடைய பஸ் கொட்டகைக்குப் போனேன்.

“ஹனீபா செத்ததை நீ பாத்தியா?” என்று கேட்டார்.

“இல்ல.”

“அப்ப உக்காரு, டீ குடி.”

“சயா, அவ வயசு போய்ட்டிருக்கு.”

அவர் ஒரு பஸ்ஸின் சக்கரத்தைக் காலால் தட்டிப் பார்த்தார். பிறகு, வேறு யாருக்கும் கேட்காத குரலில், ஆனால் நடுக்கமில்லாமல் சொன்னார்.

“ஒரு பேரைச் சொன்னா எல்லாப் பேரையும் சொல்லணும். யார் அனுப்பினா, எங்க அனுப்பினான்னு கேப்பாங்க. நான் எத்தன வாசல்ல போய் நிப்பேன்?”

ஒரு வாசலில் நின்றிருக்கலாம். ஒன்றே ஒன்றில். அவர் கொடுத்த டீயை நான் குடிக்கவில்லை.

அதற்கப்புறம்தான் அந்தப் பாலஸ்தீனத் தலைவர் இறந்துபோனார். ரேடியோவில் சொன்னார்கள். சயா இரண்டு நாள் பஸ் கொட்டகைப் பக்கமே போகாமல் டீக்கடை ரேடியோவே கதியென்று கிடந்தார். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பிறகு அவருக்காகக் காயிப் ஜனாஸா தொழ வேண்டும் என்று ஹஜரத்திடம் சொன்னார். வேறு நாட்டில் இறந்தவருக்கு, உடல் இல்லாமலே, இங்கிருந்து தொழுகிற தொழுகை அது. பக்கத்திலிருக்கிற மற்ற பள்ளிவாசல்களில் அது வழக்கமில்லை. ஊரிலிருந்து சாவுத் தந்தி வந்தால் ரங்கூனில் தொழுது பழகிய எங்கள் தமிழ் முஸ்லிம்களிடம் மட்டும் உண்டு. கடலுக்கு இருபக்கமும் சொந்தம் வைத்திருந்தவர்களுக்கு வேறு என்ன வழி.

வியாழக்கிழமை ஆமினா ஜெட்டிக்கு வந்தாள். “அண்ணே, நாளைக்குப் பள்ளிக்குக் கூட வரணும். நீங்க பேச வேணாம். ஒரு ஆம்பள பக்கத்துல நின்னாப் போதும்” என்றாள்.

போனேன். பெண்கள் உள்ளே போவதில்லை, வாசல் கேட்டோடு சரி. ஆமினாவோடு இன்னும் மூன்று நான்கு பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு நின்றார்கள். துணைக்கு வந்த அக்கம்பக்கத்தவர்கள் என்று நினைத்தேன். நான் செருப்புகள் கிடக்கிற இடத்தில் நின்றேன். கதவுகள் திறந்திருந்ததால் உள்ளே எல்லாம் தெரிந்தது.

ஜும்மா முடிந்ததும் சயா எழுந்து மைக்கை வாங்கினார். துண்டைத் தலையில் கட்டியிருந்தார். அழுதுகொண்டே பேசினார், அந்த அழுகை பொய்யில்லை.

“நம்ம தலைவர் மவுத்தாயிட்டார்” என்றார்.

மவுத் என்றால் மரணம், அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். கண்ணால் பார்க்காத, கை தொடாத, எங்கோ இருந்த ஒரு மனிதருக்கு அது அவ்வளவு சுலபமாக வந்தது.

வரிசை நிற்கத் தொடங்கும்போது ஆமினா கேட்டிலிருந்து கூப்பிட்டாள். கத்தவில்லை. தொழிற்சாலையில் மெஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல்.

“ஹஜரத், ஒரே தொழுகையில ரெண்டு பேரைச் சேக்கலாமா?”

எல்லோரும் திரும்பினார்கள். ஹஜரத் முன்னால் வந்தார்.

“சேக்கலாம்மா. எத்தன மய்யித்தையும் சேக்கலாம்.”

“அப்ப என் புருஷன் பேரையும் சேருங்க.”

சயா மைக்கை இன்னும் கையில்தான் வைத்திருந்தார். ஹனீபா வேலையில் இருக்கிறான் என்று தொடங்கினார். அது ஒலிபெருக்கியில் தெரு முழுக்கக் கேட்டது. அவள் அவரை முடிக்க விடவில்லை.

“பாலஸ்தீனத்துல அந்தத் தலைவர் செத்ததை நீங்க பாத்தீங்களா சயா?”

“ரேடியோவுல சொன்னாங்க.”

“என் புருஷனுக்கு நீங்கதான் ரேடியோ. சொல்லுங்க.”

ஒலிபெருக்கியில் அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. பிறகு ஹஜரத் அவர் கையிலிருந்து மைக்கை எடுத்து அணைத்தார். மறுப்பு இருந்தால் இப்போதே சொல்லுங்கள், தொழுகை தொடங்கிவிட்டால் பேச முடியாது என்றார். சயா தொழுகிற திசையான கிப்லாப் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே போனால் தன் தலைவருக்கான தொழுகையை விட்டுப் போக வேண்டும். நின்றால் ஹனீபாவுக்கும் சேர்த்துத் தொழ வேண்டும். நின்றார்.

ஹஜரத் ஹனீபாவின் பெயரையும் அவன் தகப்பன் பெயரையும் சொன்னார். அப்போது ஆமினாவுக்குப் பக்கத்தில் நின்ற கிழவி தன் மகன் பெயரைச் சொன்னாள். அடுத்தவள் தன் தம்பி பெயரை. உள்ளே பின் வரிசையிலிருந்து ஓர் ஆண் குரல், என் அண்ணன் என்று ஒரு பெயர். இன்னொன்று. இன்னொன்று. அந்த முகாமில் காலையில் நான் கேட்ட பெயர்கள். இந்தத் தடவை யாரும் பதில் சொல்லவில்லை. ஹஜரத் ஒவ்வொரு பெயரையும் மெதுவாகத் திருப்பிச் சொன்னார், யாரையும் அவசரப்படுத்தவில்லை.

பிறகு கை தூக்கினார்கள். அந்தத் தொழுகையில் குனிவதும் இல்லை, நெற்றி தரையில் படுவதும் இல்லை, நின்றபடியே முடியும். சயா எல்லோரோடும் சேர்ந்து கை தூக்கினார். ஒவ்வொரு தடவையும் தூக்கினார். ஹனீபா இறந்தான் என்று தீர்க்க ஜமாஅத்துக்கு அது போதும் என்று ஹஜரத் அன்று மாலையே சொல்லிவிட்டார். இறந்தவருக்குத்தான் ஜனாஸா, ஜமாஅத் தலைவரே தொழுதுவிட்டார், இனி அவர் என்ன மறுப்பது என்றார்.

சயா வெளியே வந்து செருப்பைத் தேடினார். என்னைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது. ஏதாவது சொல்வார், ஒரு பெயரையாவது தன் வாயால் சொல்வார் என்று நின்றேன்.

“பாத்தியா, தலைவருக்கு எவ்வளவு கூட்டம்” என்றார்.

அதற்கப்புறமும் அவர் பல வருஷம் இருந்தார். பஸ்கள் ஓடின, மாலைகள் விழுந்தன. எதிரே வந்தால் நான் தெருவின் மறுபக்கம் போய்விடுவேன். இன்றைக்கும் என் கோபம் குறையவில்லை. குறைய வேண்டிய காரணமும் எனக்குத் தெரியவில்லை.

அந்தத் தொழுகைக்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை தாகேதா போனேன். ஹனீபாவின் அண்ணன் வாசலிலேயே நிறுத்தி, அவள் இத்தாவில் இருக்கிறாள், வெளி ஆண்கள் பார்க்கக் கூடாது என்றார். கதவுக்குப் பின்னாலிருந்து அவள் அழுவது கேட்டது. இத்தனை வருஷத்தில் அவள் அழுது நான் கேட்டதே இல்லை. அழுவதற்கு அவளுக்கு அனுமதி இப்போதுதான் கிடைத்திருந்தது.

தெருமுனையில் யூசுப் சைக்காவை நிறுத்திவிட்டு, அந்த வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“வீட்டுல துக்கம்ல அண்ணே” என்றார். “யாராவது ஒருத்தர் வெளிய உக்காரணும்ல.”

நானும் உட்கார்ந்தேன்.